ஓர் உழவு மழை எத்தனை மில்லிமீட்டர்? கரிசல் வட்டாரமும் பள்ளி அறிவியலின் அளவீட்டுப் பாடமும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அறிவியல் கல்வி அளவீட்டிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அளத்தல் என்னும் செயலின் உள்ளீடாகிய ஐயமும் வேறுபாடும் சரிபார்த்தலும் அப்பாடத்தில் உரிய இடம் பெறவில்லை. மறுபுறம், மரபு அளவைகளைப் போற்றும் தமிழ் ஆய்வெழுத்துகள் அவற்றைப் பெயர்ப்பட்டியலாக்கி நின்றுவிடுகின்றன. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தின் 'உழவு மழை' என்னும் வழக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரு போக்குகளையும் இக்கட்டுரை திறனாய்கிறது. வட்டார அளவையையும் பன்னாட்டு அலகையும் மாணவர் ஒரே நிலத்தில் எதிரெதிர் நிறுத்திச் சோதிக்கும்போதே அறிவியல் முறை அவர்களுக்கு வசமாகும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: அளவீடு, அறிவியல் முறை, கரிசல் வட்டாரம், உழவு மழை, மரக்கால், கி. ராஜநாராயணன், பாடநூல்.

முன்னுரை

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் நிலம் மானாவாரி வேளாண்மையை நம்பியிருப்பது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 700 மில்லிமீட்டரை ஒட்டியே அமையும் இப்பகுதியில் மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. எப்போது விதைப்பது, எவ்வளவு மழைக்குப் பின் ஏர் பூட்டுவது என்பவை இங்கு ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாயைத் தீர்மானிக்கும் வினாக்கள். எனவே அளவறிதல் இந்நிலத்து மக்களுக்கு வாழ்வியல் தேவை. 1901-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதே மண்ணையும் மழையையும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறிவியல் கருவிகளால் ஆராய்ந்து வருகிறது.

ஆக, ஒரே வட்டாரத்தில் அளவறிவின் இரு மரபுகள் அருகருகே வாழ்கின்றன. ஒன்று உழவரின் வாய்மொழியிலும் மற்றொன்று ஆராய்ச்சி நிலையத்தின் பதிவேட்டிலும் உள்ளது. இவ்விரண்டும் சந்திக்க வேண்டிய இடம் பள்ளி வகுப்பறை. அச்சந்திப்பு நிகழ்கிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பாடநூலில் அளவீடு

தமிழ்நாடு அரசு 2018-இல் வெளியிட்ட ஆறாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் அலகு 'அளவீடுகள்'. அடுத்த ஆண்டு வந்த ஏழாம், எட்டாம் வகுப்பு நூல்களும் அளவீட்டியலையே முதல் அலகாகக் கொண்டுள்ளன. ஒன்பதாம் வகுப்பில் வெர்னியர் அளவியும் திருகு அளவியும் அறிமுகமாகின்றன. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலும் அளவீட்டியலோடுதான் தொடங்குகிறது. இவ்வரிசை தற்செயலானதன்று. அளக்கத் தெரியாமல் அறிவியல் இல்லை என்ற சரியான புரிதலே இதன் அடிப்படை.

குறை இருப்பது வரிசையில் அன்று, உள்ளடக்கத்தின் சாய்வில். இப்பாடங்களில் அலகு முதலில் வரையறையாக வருகிறது. அதன் பின் பன்மடங்கும் துணைமடங்கும் அட்டவணையாக வருகின்றன. அதன் பின் கருவி வருகிறது. அளக்க வேண்டிய தேவை எங்கிருந்து பிறந்தது என்பது இறுதிவரை முதன்மை பெறுவதில்லை. பிழை பற்றிய பேச்சும் பெரும்பாலும் அளப்பவரின் கவனக்குறைவாகவோ கருவியின் கோளாறாகவோதான் எழுகிறது. இடமாறு தோற்றப்பிழையைத் தவிர்க்கக் கண்ணைச் செங்குத்தாக வைக்க வேண்டும். சுழிப்பிழை இருப்பின் திருத்தம் செய்ய வேண்டும். இவை தேவையான அறிவுரைகளே. ஆயினும் இவற்றை மட்டும் பெறும் மாணவர், கவனமாக அளந்தால் அனைவருக்கும் ஒரே விடை வரும் என்று நம்பத் தலைப்படுகிறார்.

உண்மை வேறு. கவனமுள்ள பத்து மாணவர் ஒரே கரும்பலகையின் நீளத்தை மில்லிமீட்டர் வரை அளந்தால் பத்து அளவுகளும் ஒன்றாக அமைவது அரிது. அவ்வேறுபாடு யாருடைய குற்றமும் அன்று. அது அளவீட்டின் இயல்பு. எட்டாம் வகுப்பில் துல்லியமும் தோராயமும் பேசப்பட்டாலும், ஒழுங்கற்ற பிழை, பலமுறை அளந்து சராசரி காணல், முடிவின் ஐயப்பாட்டு எல்லை ஆகியவை முறையாக விரிக்கப்படுவது பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவோரும் மேல்நிலையில் வணிகவியல், கலைப் பிரிவுகளைத் தேர்ந்தெடுப்போரும் இக்கருத்தைச் சந்திக்காமலேயே பள்ளியை விட்டு வெளியேறுகின்றனர். மழை முன்னறிவிப்பையும் மருத்துவச் சோதனை முடிவையும் விளைச்சல் மதிப்பீட்டையும் வாழ்நாள் முழுவதும் எதிர்கொள்ளப் போகிறவர்களும் அவர்களே.

செய்முறைத் தேர்விலும் இச்சாய்வு வெளிப்படுகிறது. எதிர்பார்க்கப்படும் விடை முன்னரே தெரிந்திருப்பதால், மாணவர் அவ்விடைக்கேற்ப அளவுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதுவது பள்ளிதோறும் அறியப்பட்ட வழக்கம். இதனை ஒழுக்கக்கேடு என மட்டும் கருதுவது போதாது. வேறுபட்ட அளவுக்கு மதிப்பெண் இல்லாத முறையில் மாணவர் கற்றுக்கொள்ளும் பாடமே இது.

கரிசல் மொழியின் அளவறிவு

கரிசல் உழவர் மழையை 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என அளந்து சொல்வர். ஏர் ஓட்டத் தகுந்த ஆழத்திற்கு ஈரம் இறங்கியிருந்தால் அது ஓர் உழவு மழை. இவ்வழக்கில் அலகு உண்டு. சரிபார்க்கும் வழியும் உண்டு. மண்ணைத் தோண்டி ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்று பார்க்கலாம். ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுக்கலாம். அளவு ஒரு முடிவோடு பிணைந்திருப்பதால், தவறாக அளந்தவர் விதையை இழப்பார்.

இதனோடு பஞ்சாங்கம் கூறும் மழையளவை ஒப்பிடுவது பயன் தரும். பஞ்சாங்கங்களில் ஆண்டு மழை இத்தனை மரக்கால் என எண்ணிட்டுக் குறிக்கப்படுகிறது. அது கடலுக்கும் மலைக்கும் நிலத்திற்கும் பங்கிடப்படுகிறது. இங்கும் எண் உண்டு, அலகின் பெயர் உண்டு. ஆனால் எந்த வாயகலமுள்ள கலத்தில், எந்த ஊரில், யார் அளந்து சரிபார்ப்பது என்பதற்கு விடையில்லை. வெளித்தோற்றத்தில் பஞ்சாங்க அளவே துல்லியமானது. உழவு மழை என்பது தோராயமானது. அறிவியல் முறையின்படி நோக்கினால் இம்மதிப்பீடு தலைகீழாகிறது. சோதனைக்கு உட்படும் தோராயம், சோதனைக்கு உட்படாத எண்ணைவிட மேலானது. இவ்வொரு வேறுபாட்டைப் பன்னிரண்டு வயது மாணவருக்கு உணர்த்தினால் அறிவியல் முறையின் பாதி கைவந்துவிடும்.

கரிசல் இலக்கியம் இவ்வறிவின் வேறொரு படியைக் காட்டுகிறது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அங்கும் மழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டதாகவும் தம்மைப் பற்றி நகைச்சுவையாகக் கூறியது பலரும் அறிந்தது. பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பேராசிரியராகப் பணியாற்றிய அவரின் 'பிஞ்சுகள்' குறுநாவலில், பறவை முட்டைகளைச் சேகரிக்கும் சிறுவன் வெங்கடேசு பறவையியல்பு அறிந்த பெரியவர் ஒருவரிடமிருந்து கற்கிறான். உற்றுநோக்கல், வேறுபாடறிதல், பெயரிடல், வகைப்படுத்தல் ஆகியவை அவனுக்கு விளையாட்டின் வழியே வாய்க்கின்றன. பள்ளி அறிவியல் கோரும் முதற்படித் திறன்கள் இவையே.

ஆயினும் இக்குறுநாவலைக் கிராமத்துச் சிறுவனின் முழுமையான அறிவியல் கல்விக்குச் சான்றாக நிறுத்துவது மிகை. கண்டதைக் குறித்துவைத்தல், எண்ணிடல், ஓராண்டின் பதிவை மறு ஆண்டின் பதிவோடு ஒப்பிடல், ஊகத்தைச் சோதித்துக் கைவிடல் ஆகிய அடுத்த படிகள் அப்படைப்பின் கருப்பொருள் அல்ல. அவற்றை வழங்க வேண்டிய பொறுப்பு பள்ளிக்குரியது. வெங்கடேசு போன்ற சிறுவர் பள்ளிக்குள் நுழையும்போது கொண்டுவரும் உற்றுநோக்கும் திறனைப் பாடநூல் வாயிலிலேயே நிறுத்திவிடுவதுதான் இழப்பு.

மரக்காலும் நீதியும்

மரபு அளவைகள் பற்றிய தமிழ் ஆய்வுக்கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்னும் பட்டியலைத் தந்து, தொல்காப்பியம் அளவுப்பெயர்களையும் நிறைப்பெயர்களையும் எழுத்தடிப்படையில் வகைப்படுத்தியதைச் சுட்டி, தமிழரின் அறிவியல் மேன்மையை நிறுவி முடிப்பது அவ்வாய்பாடு. தரவு சரியானது, முடிபுதான் தாவலானது. பெயர்களின் பட்டியல் அளவை முறை இருந்தமைக்குச் சான்றாகும்; அம்முறை எங்கும் ஒரே சீராக இருந்தது என்பதற்குச் சான்றாகாது.

கல்வெட்டுகளே இதற்கு மறுப்புரைக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லளவு கூறப்படும் இடங்களில் ஆடவல்லான் என்னும் மரக்கால் பெயர் சுட்டிக் குறிக்கப்படுகிறது. அது இராசகேசரி என்னும் அளவோடு ஒத்தது என்ற விளக்கமும் உடன் வருகிறது. எந்த மரக்கால் என்று எழுத வேண்டியிருந்தது, ஒன்றுக்கு மேற்பட்ட மரக்கால்கள் வழங்கியதால்தான். இதைக் குறையாகக் காண வேண்டியதில்லை. எண்ணோடு கருவியையும் அதன் சமன்பாட்டையும் பதிவுசெய்யும் இவ்வொழுங்கு, ஆய்வகக் குறிப்பேட்டின் ஒழுங்கேயாகும். மாணவருக்குக் கற்பிக்கத் தக்கது உழக்கு, உரிப் பட்டியலைக் காட்டிலும் இந்தப் பதிவு ஒழுக்கமே.

அளவையின் மறுபக்கம் அதிகாரம். வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது வேறொரு மரக்கால் என்ற பேச்சு நெல்லும் கம்பும் கூலியாக அளக்கப்பட்ட ஊர்களின் நினைவில் உண்டு. தலைதட்டி அளப்பதா கோபுரமாக அளப்பதா என்பதில்கூடக் கூலிக்காரரின் ஒருவேளை உணவு அடங்கியிருந்தது. 1956-ஆம் ஆண்டின் எடைகள், அளவுகள் தரப்படுத்தல் சட்டமும் அதைத் தொடர்ந்து 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த மெட்ரிக் முறையும் வணிக வசதிக்கானவை மட்டும் அல்ல. அளப்பவர் யாராயினும் அளவு மாறாது என்பது எளியவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. பாடநூல் கிலோகிராமை வரையறுக்கும்போது இவ்வரலாற்றைத் தவிர்ப்பதால், பொது அலகு என்பது எங்கோ வகுக்கப்பட்ட விதியாகவே மாணவருக்குத் தோன்றுகிறது.

கரிசல் வட்டாரத்தில் இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பகுதித் தீப்பெட்டித் தொழிலில் வேலை குரோசு கணக்கில் அளக்கப்பட்டது. 144 பெட்டி கொண்டது ஒரு குரோசு. ஒரு காலத்தில் இத்தொழிலில் பெருந்தொகையான குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டனர். சிவகாசித் தொழிற்சாலைகளின் குழந்தைத் தொழிலாளர் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. பள்ளி அளவீட்டைக் கற்பிக்கும் முன்பே இந்நிலத்துப் பல குழந்தைகளுக்குக் கூலியின் அலகு தெரிந்திருந்தது. எண்ணுதலும் அளத்தலும் யாருக்காக, யாரால் என்ற வினா அறிவியல் வகுப்புக்குப் புறம்பானதன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

மழைமானி: ஒரு சோதனையின் அமைப்பு

மேற்கண்ட திறனாய்விலிருந்து ஓர் ஆக்கமுறை முன்மொழிவு பிறக்கிறது. ஓர் உழவு மழை எத்தனை மில்லிமீட்டர் என்னும் வினாவைக் கரிசல் பள்ளியொன்றின் ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பு ஓராண்டு ஆய்வாக மேற்கொள்ளலாம்.

முதற்படி கருவி. செங்குத்துச் சுவருடைய எந்தக் கலமும் மழைமானியாகும். வாயகலம் எவ்வளவாயினும் நீர்மட்டத்தின் உயரம் மாறாது. இது ஏன் என்று கேட்பதே ஒரு பாடம். 10 செ.மீ. விட்டமுள்ள புனலை 5 செ.மீ. விட்டமுள்ள புட்டியில் பொருத்தினால், புட்டியில் 40 மி.மீ. நீர் நிற்கும்போது பெய்த மழை 10 மி.மீ. மட்டுமே. விட்டம் இருமடங்கெனில் பரப்பு நான்கு மடங்கு என்னும் கணிதம் இங்கே கைப்பொருளாகிறது. ஒரு சதுரமீட்டரில் ஒரு மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கரில் 10 மி.மீ. மழை ஏறத்தாழ 40,000 லிட்டர். வீட்டுக்கு நீர் சுமக்கும் குழந்தைக்கு இவ்வெண் பொருள் தரும்.

இரண்டாம் படி ஒழுங்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறை மழையளவை நாள்தோறும் காலை 8.30 மணிக்குக் கணக்கிடுகிறது, 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளையே மழைநாள் என்கிறது. இவ்வெல்லை இயற்கை வகுத்ததன்று. ஒப்பீட்டுக்காக மனிதர் செய்துகொண்ட உடன்பாடு. நேரமும் இடமும் குறிக்காத எண் பயனற்றது என்பதை அண்மை நிகழ்வொன்று காட்டும். 2023 திசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை ஊராகிய காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. மாவட்டம் முழுவதற்கும் அவ்வெண்ணைப் பொருத்துவோரும் 95 மி.மீ. எனத் தவறாக எழுதுவோரும் எவ்வளவு விலகிச் செல்கின்றனர் என்பதை மாணவரே கணக்கிடலாம்.

மூன்றாம் படி வேறுபாட்டை எதிர்கொள்ளல். ஒரே பள்ளி வளாகத்தில் நான்கு மழைமானிகள் வைத்தால் நான்கு அளவுகள் வரும். ஒன்று மரத்தடியில் இருக்கலாம். ஒன்றில் காற்று வீசியடித்திருக்கலாம். ஒன்றைத் தாமதமாகப் பார்த்ததால் நீர் ஆவியாகியிருக்கலாம். காரணம் கண்டறிந்து நீக்கிய பின்னும் எஞ்சும் வேறுபாட்டைப் பதிவு செய்ய வேண்டும். சராசரியோடு சிதறலையும் எழுதுவது இங்கே இயல்பாக வந்துவிடும்.

நான்காம் படியே இச்சோதனையின் உயிர். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் புஞ்சையில் சில இடங்களில் தோண்டி ஈரத்தின் ஆழத்தை அளக்க வேண்டும். இது ஓர் உழவு மழையா என்று அவ்வூர் உழவர் பலரிடம் தனித்தனியே கேட்டுக் குறிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் எண்ணுக்கு ஓர் உழவு மழை நேராகப் பொருந்தும் என்ற கருதுகோளோடு மாணவர் தொடங்கலாம். அது நிற்காது என எதிர்பார்க்க வலுவான காரணம் உண்டு. கரிசல் மண் காய்ந்தால் சுருங்கி ஆழமாக வெடிக்கும்; நனைந்தால் உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். நீண்ட கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழை வெடிப்புகளின் வழியே சீரின்றி இறங்கும். ஏற்கெனவே நனைந்த மண்ணில் அதே அளவு மழை வேறுவிதமாக நடந்துகொள்ளும். அதனால் ஒரே மில்லிமீட்டர் அளவு ஒரு மாதத்தில் உழவு மழையாகவும் மற்றொரு மாதத்தில் ஆகாமலும் போகலாம்.

இப்பொருத்தமின்மையே கண்டுபிடிப்பு. மழைமானி அளப்பது வானிலிருந்து விழுந்த நீரை. உழவு மழை அளப்பது அந்நீர் மண்ணில் செய்த வேலையை. இரண்டும் வெவ்வேறு அளவுகள். உழவர் அறியாமையால் மில்லிமீட்டரைத் தவிர்க்கவில்லை. அறிவியல் ஆணவத்தால் உழவு மழையைப் புறக்கணிக்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணிக்க, மண்ணின் முன்னைய ஈரம் என்னும் மூன்றாவது அளவு தேவைப்படுகிறது. மாணவர் இம்முடிவை அட்டவணையிலிருந்து தாமே எட்டும்போது கருதுகோள், மாறி, சான்று, திருத்தம் ஆகிய சொற்கள் மனப்பாடத்திலிருந்து விடுபடுகின்றன.

முன்னுதாரணங்கள்

இத்தகைய முயற்சி இந்திய மண்ணுக்குப் புதியதன்று. நர்மதைப் பள்ளத்தாக்கின் கரிசல் நிலத்திலேயே இதற்கு வலுவான முன்னுதாரணம் உண்டு. 1972-இல் மத்தியப்பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், பின்னர் அம்மாவட்டம் முழுமைக்கும் விரிந்தது. 1982 முதல் ஏகலவ்யா நிறுவனம் அதனை வழிநடத்தியது. எளிய கருவிகளோடு மாணவர் தாமே சோதனை செய்து, கிடைத்த அளவுகளை ஒப்பிட்டு, விவாதித்து முடிவுக்கு வருவதே அதன் முறை. அளவுகளில் தோன்றும் ஏற்றத்தாழ்வு அங்கே பாடப்பொருளாகவே நடத்தப்பட்டது. தேர்விலும் நூலைத் திறந்துவைத்து எழுத இசைவளிக்கப்பட்டது. அத்திட்டம் 2002-இல் அரசாணையால் நிறுத்தப்பட்டது. அதன் முடிவு, கற்பித்தல் முறையை மாற்றுவதைவிட அம்மாற்றத்தை ஒரு கல்வித்துறைக்குள் நிலைநிறுத்துவது கடினம் என்பதையும் கற்பிக்கிறது.

தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடைபெற்றுவருகிறது. உள்ளூர்ச் சிக்கலொன்றை மாணவர் குழுவாக ஆராய்ந்து தம் மொழியிலேயே முன்வைக்க அது வழிசெய்கிறது. ஆனால் அது விரும்பிச் சேரும் சில மாணவருக்குரிய களம். பாடநூலின் முதல் அலகு அனைவருக்கும் உரியது. மாநாட்டில் சிலர் பெறும் பயிற்சி வகுப்பறையில் அனைவருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்ற வினா எஞ்சுகிறது.

இரு மறுப்புரைகள்

வட்டார அளவைகளை வகுப்பறைக்குள் கொண்டுவருவது மாணவரைக் குழப்பும், பொதுத்தேர்வில் பின்தங்கச் செய்யும் என்று கூறப்படலாம். மேற்கண்ட சோதனையில் பரப்பு, பருமன், அலகு மாற்றம், சராசரி, பிழை ஆகிய பாடத்திட்டக் கருத்துகள் அனைத்தும் இடம்பெறுகின்றன. குறைவது மனப்பாடச் சுமையே.

மற்றொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரக்கூடும். உழவரின் அறிவைச் சோதனைக்கு உட்படுத்துவதே அதனைத் தாழ்த்துவது என்பது அது. ஆனால் சோதிக்கப்படாத போற்றுதலே ஓர் அறிவைக் காட்சிப்பொருளாக்குகிறது. பன்னாட்டு அலகும் இச்சோதனைக்கு விலக்கன்று. நூறாண்டுக்கு மேலாகப் பிரான்சில் காக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளையே கிலோகிராமின் வரையறையாக இருந்தது. 2019 மே 20 முதல் அது கைவிடப்பட்டு, பிளாங்க் மாறிலியை அடிப்படையாகக் கொண்ட புதிய வரையறை நடைமுறைக்கு வந்தது. உலகம் தன் எடைக்கல்லையே மறுசோதனைக்கு உட்படுத்தியபோது, உழவு மழையைச் சோதிப்பது அதற்குச் சம மதிப்பளிப்பதாகும்.

முடிவுரை

பள்ளி அறிவியல் அளவீட்டை முதலில் வைத்தது சரி. அதனை வரையறையாகவும் அட்டவணையாகவும் சுருக்கியது குறை. மரபு அளவைகளைப் பற்றிய ஆய்வெழுத்து தரவைத் திரட்டியது நன்று. அதனைப் பெருமிதத்தோடு நிறுத்தியது குறை. இரண்டும் மாணவரை அளவுகளின் பெயர்களுக்குச் சொந்தக்காரராக்குகின்றன, அளப்பவராக்கவில்லை.

கரிசல் வட்டாரத்து மாணவர் பலர் மழையை நம்பிய குடும்பங்களிலிருந்து வருகின்றனர். வானிலை அறிவிப்பையும் பயிர்க்காப்பீட்டுக் கணக்கையும் எடைமேடையின் எண்ணையும் அவர்கள் நாளை எதிர்கொள்வர். அவ்வெண்களை யார், எங்கே, எதனால் அளந்தார் என்று கேட்கும் துணிவைப் பள்ளி தரவில்லையெனில் அவ்வெண்களுக்குப் பணிந்தே அவர்கள் வாழ நேரும். தமிழ்த்துறை ஆய்வாளர் வட்டார அளவைச்சொற்களைத் திரட்டும்போது அவை அளக்கப்படும் முறையையும் உடன் பதிவு செய்தால், அறிவியல் ஆசிரியர் வகுப்பில் சோதிக்கத் தக்க வினாக்கள் பல கிடைக்கும். உழவு மழை அவற்றுள் ஒன்று.